இடுப்பில் கட்டிய ஒரு லட்சம்: ஒரு ரயில் திருட்டு வழக்கை அலசிப் பார்த்தால்

2005 ஏப்ரல் 27 அன்று ஒரு துணி வியாபாரி காசி விஸ்வநாத் எக்ஸ்பிரஸில் புது டெல்லிக்குப் பயணம் செய்தார். வாரணாசிக்கும் டெல்லிக்கும் இடையே ஓடும் ரயில் அது. படுக்கை முன்பதிவு உறுதியாகியிருந்தது. டெல்லிக் கடைக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஒரு லட்ச ரூபாயை ரொக்கமாக ஒரு துணிப் பெல்ட்டில் வைத்து இடுப்பில் கட்டியிருந்தார். மறுநாள் விடியற்காலை மூன்றரை மணி வாக்கில் ஒன்றுக்குப் போக எழுந்தார். பெல்ட்டைக் காணோம். பேன்ட்டின் வலது பக்கம் வெட்டப்பட்டிருந்தது. டெல்லியில் இறங்கியதும் ரயில்வே போலீஸில் புகார் கொடுத்தார்.

சாதாரண ஜேப்படிக் கேஸ்தான். ஆனால் இது உச்ச நீதிமன்றம் வரை போய், ரயிலில் பர்ஸைப் பறிகொடுக்கும் எல்லோரையும் பாதிக்கும் ஒரு முடிவோடு 2023-ல் முடிந்தது. இதை எடுத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. பணத்தைப் பத்திரமாகக் கொண்டுபோக நம் வீட்டுப் பெரியவர்கள் என்னென்ன சொல்வார்களோ, கிட்டத்தட்ட அவ்வளவையும் இந்த மனிதர் செய்திருக்கிறார். பையில் போட்டுத் தலைமாட்டில் வைக்கவில்லை. அன்ரிசர்வ்ட் பெட்டியில் ஏறவில்லை. உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அப்படியும் போயிற்று.

வழக்கு போன பாதை

திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை. பணத்துக்கு வழி தேடி வியாபாரி நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். முன்பதிவுப் பெட்டியில் பயணிக்குப் பாதுகாப்பு தராதது சேவைக் குறைபாடு, ஆகவே ரயில்வே அந்த ஒரு லட்சத்தைத் தர வேண்டும் என்பது அவர் வாதம். மாவட்ட மன்றம் ஒப்புக்கொண்டது. ரயில்வே மேல்முறையீட்டுக்குப் போனது. மாநில ஆணையமும் அதன் பிறகு தேசிய ஆணையமும் வியாபாரி பக்கமே நின்றன. மூன்று இடத்தில் ஜெயித்தவர் நான்காவது இடத்தில் தோற்றார். 2023 ஜூனில் நீதிபதிகள் விக்ரம் நாத், அசானுதீன் அமானுல்லா ஆகியோரின் அமர்வு முந்தைய உத்தரவுகளை ரத்து செய்தது. இந்தத் திருட்டை ரயில்வேயின் சேவைக் குறைபாடு என்று எப்படிச் சொல்ல முடியும், பயணியால் தன் உடைமையைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை என்றால் அதற்கு ரயில்வே எப்படிப் பொறுப்பாகும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். பணம் போய் அப்போது 18 வருடம் ஆகியிருந்தது.

படித்தால் கோபம் வரும். காசு கொடுத்துப் படுக்கை வாங்கியவன் தூங்கத்தானே செய்வான், தூங்குகிறவன் எப்படித் தன் இடுப்பைக் காவல் காப்பான் என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் ரயில்வே சட்டம் இந்த மாதிரி இழப்பை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் தீர்ப்பு அவ்வளவு ஆச்சரியம் தராது.

1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவில் லக்கேஜ் இரண்டு வகை. லக்கேஜ் ஆபீஸில் புக் செய்து ரசீது வாங்கியது ஒன்று. பயணி தன் பொறுப்பில் தானே வைத்துக்கொள்வது மற்றொன்று. நம் பர்ஸ், கைப்பை, இடுப்புப் பெல்ட் எல்லாம் இரண்டாவது வகை. அது தொலைந்தால், ரயில்வேயோ அதன் ஊழியரோ காட்டிய அலட்சியத்தால்தான், அல்லது அவர்களுடைய முறைகேட்டால்தான் தொலைந்தது என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பாரம் நம் தலையில். புக் செய்த மூட்டைக்கே மதிப்பைச் சொல்லி அதற்குத் தனிக் கட்டணம் கட்டாவிட்டால் கிலோவுக்கு 100 ரூபாய்தான் உச்சவரம்பு. டிக்கெட் போடும்போது 45 பைசாவுக்கு ஒரு காப்பீடு வேண்டுமா என்று ஐஆர்சிடிசி கேட்கிறதே, அது இருக்கிறது என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். அது உயிரிழப்பு, ஊனம், மருத்துவமனைச் செலவு போன்றவற்றுக்கு. பர்ஸ் போனதற்கு அதில் ஒரு பைசா கிடைக்காது.

அப்படியென்றால் ரயில்வே எந்தத் திருட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லையா? அப்படியும் இல்லை. முன்பதிவுப் பெட்டிக்குள் கும்பல் புகுந்து பயணியைத் தாக்கி நகையைப் பறித்த ஒரு வழக்கில், 2004-ல் இதே உச்ச நீதிமன்றம் பயணி பக்கம் தீர்ப்புச் சொன்னது. முன்பதிவு இல்லாதவர்களைப் பெட்டிக்குள் விடாமல் பார்த்துக்கொள்வது டிக்கெட் பரிசோதகரான டிடிஇ-யின் கடமை. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெட்டியின் கடைசிக் கதவுகளைப் பூட்டி வைப்பதும் அவர்கள் பொறுப்பில் வருகிறது. அந்தக் கடமையில் தவறினார்கள் என்று காட்ட முடிந்தால் வழக்கு நிற்கும்.

இங்கேதான் பயணிகள் கோட்டை விடுகிறார்கள் என்பது என் கணிப்பு. ராத்திரி பதினோரு மணிக்கு ஸ்லீப்பர் பெட்டியின் நடைபாதையில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். நாமும் முணுமுணுத்துவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். காலையில் பர்ஸ் இல்லை என்றால், அந்தப் பத்துப் பேர் அங்கே இருந்ததற்கு என்ன சாட்சி? ரயில்வேயின் 139 எண்ணுக்கு அப்போதே அழைத்திருந்தால், அல்லது ரயில்வேயின் புகார் செயலியான ‘ரயில் மதத்’தில் இரண்டு வரி போட்டிருந்தால், புகார் எண்ணும் நேரமும் பதிவாகியிருக்கும். பிரச்சினை அன்றிரவே தீர்கிறதோ இல்லையோ, திருட்டுக்கு முன்பே எச்சரித்தோம் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கும். திருட்டு நடந்த பிறகு எழுதும் புகாரில் அந்த வலு கிடையாது.

பெல்ட் எப்படிப் போனது

சட்டத்தை விடுங்கள். திருட்டைப் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய் நோட்டு புழக்கத்தில் இருந்தது. ஒரு லட்சம் முழுக்க ஆயிரமாக இருந்தாலும் நூறு நோட்டு, ஒரு முழுக் கட்டு. ஐநூறாக என்றால் இரண்டு கட்டு. துணிக்குள் பரப்பி வைத்துக் கட்டினாலும் இடுப்பில் ஒரு மேடு இருக்கும். நிற்கும்போது சட்டை அதை மறைக்கலாம். படுத்தால் சட்டை ஏறிக்கொள்ளும், துணி இறுகும், மேடு தெரியும். அது போதாதென்று, இடுப்பில் பணம் கட்டியவர்களின் கை சும்மா இருக்காது. உட்காரும்போது ஒரு தடவை, எழும்போது ஒரு தடவை, டீக்குச் சில்லறை எடுக்கும்போது ஒரு தடவை, இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும். எதிர் சீட்டில் இருந்து பார்ப்பவனுக்கு வேறு துப்பே தேவையில்லை. பஸ் நிலையத்தில் ‘திருடர்கள் ஜாக்கிரதை’ பலகையைப் படித்ததும் ஆள் ஆளுக்குத் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள் அல்லவா? அந்தப் பலகைக்கு எதிரே நின்றால் யார் பர்ஸ் எங்கே இருக்கிறது என்ற கணக்கு ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும்.

அடுத்து, துணி. விரலிடுக்கில் அடங்கும் அரை பிளேடுக்குப் பேன்ட் துணியும் பெல்ட் துணியும் ஒன்றுதான். வலது பக்கம் வெட்டப்பட்டிருந்தது என்பதை வைத்துப் பார்த்தால், எடுத்தவன் பெல்ட்டின் முடிச்சையோ கொக்கியையோ தேடிச் சிரமப்படவில்லை. கைக்கு எட்டிய பக்கத்தை வெட்டி உருவியிருக்கிறான். எவ்வளவு நல்ல முடிச்சுப் போட்டிருந்தாலும் அதனால் ஒரு பயனும் இருந்திருக்காது.

விழித்திருப்பவனிடம் ஜேப்படி செய்யக் கைத்திறமை வேண்டும். தூங்குபவனிடம் பொறுமை போதும். ஓடும் ரயிலில் உடம்பு ராத்திரி முழுக்க ஆடிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் நடப்பவர்களின் கையும் பையும் உரசிக்கொண்டேதான் இருக்கும். நாலைந்து மணி நேரத்தில் உடம்பு அதற்கெல்லாம் பழகிவிடும். புதிதாக ஒரு கை பட்டாலும் வித்தியாசம் தெரியாது. சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி போகிறவருக்கு இப்படி இரண்டு ராத்திரி.

ஆனால் இடுப்பில் கட்டியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நம் தாத்தாக்கள் வேட்டிக்குள் போட்ட பட்டாபட்டி டவுசரின் பாக்கெட்டும், பாட்டிகள் இடுப்பில் செருகிய சுருக்குப்பையும் பல தலைமுறை பணத்தைக் காப்பாற்றியிருக்கின்றன. பகலில், விழித்திருக்கும்போது, உடம்போடு ஒட்டிய பணத்தை எடுப்பது கஷ்டம்தான். என் குறை வேறு. மொத்த ஒரு லட்சமும் ஒரே பெல்ட்டில் இருந்தது. ஒரு வெட்டு, கதை முடிந்தது. எங்கே ஒளிக்கலாம் என்று யோசிப்பதில் செலவழித்த நேரத்தை, ஒரு வெட்டில் எவ்வளவு போகலாம் என்று யோசிப்பதில் செலவழித்திருக்கலாம்.

அதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. 2005 ஏப்ரலில் வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் வசதியே வரவில்லை. அது அந்த வருடம் நவம்பரில்தான் தொடங்கியது. யுபிஐ வர இன்னும் 11 வருடம் இருந்தது. வங்கியில் டிடி (வரைவோலை) எடுத்திருக்கலாம். ஆனால் கடைக்காரரிடம் ரொக்கமாக நீட்டிப் பேரம் பேசிப் பழகிய வியாபாரிகளுக்கு டிடி அவ்வளவாகப் பிடிக்காது. ஈரோட்டிலிருந்தும் மதுரையிலிருந்தும் சூரத்துக்குச் சரக்கெடுக்கப் போனவர்களைக் கேட்டால் அந்தக் கால இடுப்புப் பெல்ட் கதைகள் நிறையச் சொல்வார்கள்.

இன்றைக்கு அதே பயணம்

இன்று அதே வியாபாரி போனால் ஒரு லட்சத்தை இடுப்பில் கட்ட மாட்டார், போனில் அனுப்பிவிடுவார். பிரச்சினை தீர்ந்ததா என்றால், இடம் மாறியிருக்கிறது. நம் ஊரில் பாதிப் பேரின் போன் கவரைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் ஒரு ஏடிஎம் கார்டு, மடித்த ஐநூறு ரூபாய் நோட்டு, சில சமயம் ஆதார் அட்டை, கோயில் விபூதிப் பொட்டலம். பர்ஸ் தூக்கும் தொல்லை இல்லை என்று இந்த ஏற்பாடு. ஜன்னலோரமாகவோ வாசல்படியிலோ நின்று பேசும்போது போனை ஒருவன் தட்டிப் பறித்தால், அட்டையும், ஓடிபி வரும் சிம்மும், அடையாள அட்டையும், கைச்செலவுப் பணமும் ஒன்றாகப் போகும். துணிப் பெல்ட்டின் குறை இதிலும் அப்படியே இருக்கிறது. விபூதி இருக்கட்டும், மற்றதை முதலில் வெளியே எடுங்கள்.

அட்டையும் போனும் வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும். பயணத்துக்கு ஒரே ஒரு அட்டை போதும். இரண்டாவது அட்டை எடுத்துப்போனால் அது பெட்டிக்குள், பூட்டிய பகுதியில் இருக்கட்டும். பர்ஸில் அன்றைய செலவுக்கான பணம் மட்டும். மீதி ரொக்கம் உடம்போடு, ஆனால் இரண்டு இடமாக. இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. உள்ளே வைத்த பணத்தை நடைமேடையில் நின்று எடுத்தால் ஒளித்ததே வீண். கழிப்பறைக்குள் போய்ப் பர்ஸை நிரப்பிக்கொண்டு வாருங்கள். பர்ஸ் பேன்ட்டின் முன் பாக்கெட்டில் இருக்கட்டும். பின் பாக்கெட் நமக்குத் தெரியாத பக்கம், நெரிசலில் அடுத்தவன் கைக்கு நேராக இருக்கும் பக்கம்.

அசல் அடையாள அட்டைகளைப் பெரும்பாலும் வீட்டிலேயே விட்டுவிடலாம். மத்திய அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரில் இருக்கும் ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் ரயிலில் அடையாளச் சான்றாக 2018-லிருந்தே ஏற்கிறார்கள். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: நாமே டிஜிலாக்கரில் ஏற்றிய ஸ்கேன் படம் செல்லாது, துறையிலிருந்து நேரடியாக வந்த ஆவணம்தான் செல்லும்.

வங்கி அட்டையில் தட்டினாலே பணம் போகும் வசதி இருந்தால், 5,000 ரூபாய் வரை பின் எண் கேட்காது. திருடியவனுக்கும் கேட்காது. வங்கிச் செயலிக்குள் போய் அந்த வசதியை அணைத்து வைக்கலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனை, ஆன்லைன் பரிவர்த்தனை எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச் இருக்கிறது. ரிசர்வ் வங்கி சொல்லித்தான் வங்கிகள் இதை வைத்திருக்கின்றன. ஊர் போய்ச் சேரும் வரை அணைத்து வைப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பின் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அட்டையோடு செருகி வைக்கும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், இன்றே அந்தச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். பின் எண்ணைக் காக்கத் தவறியது வாடிக்கையாளர் அலட்சியம் என்று வங்கி கை கழுவ அந்த ஒரு சீட்டு போதும்.

ராத்திரிக்கு வருவோம். படுக்கும்போது பணம் இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்திருக்கட்டும், நடைபாதையைப் பார்த்து வேண்டாம். கைப்பையைத் தலைக்கு வைத்துப் படுப்பவர்கள் அதன் வாரைக் கையில் சுற்றிக்கொள்ளலாம். கீழ்ப் படுக்கைக்கு அடியில் பெட்டியைச் சங்கிலியால் கட்ட வளையம் இருக்கும்; பெட்டிக்குள் பணம் வைத்திருக்கிறீர்களோ இல்லையோ, கட்டுங்கள். உண்மையில் அதிகத் திருட்டுக்கு இடம் கொடுக்கும் நேரம் தூக்கத்தைவிட ஏறும், இறங்கும் நேரம் என்று எனக்குத் தோன்றும். இரண்டு நிமிடம் நிற்கும் ஸ்டேஷனில் வாசலில் முண்டியடிக்கும்போது இரண்டு கையிலும் சுமை. முன்னால் ஒருவன் காரணமே இல்லாமல் நின்றுவிடுவான், பின்னால் ஒருவன் அழுத்துவான். “அண்ணே, உங்க சட்டையில ஏதோ அசிங்கம் பட்டிருக்கு” என்று மூன்றாவது ஆள் அக்கறையாகச் சொல்வான். சில்லறையைக் கீழே சிதறவிட்டு “சார், உங்க காசா பாருங்க” என்பதும் இதே குடும்பம்தான். போலீஸ் பாஷையில் கவனத்தைத் திசைதிருப்பித் திருடுவது. நின்று பார்க்காதீர்கள். சொன்னவன் நல்ல மனிதனாக இருந்தாலும் பரவாயில்லை, ரயில் ஏறி உட்கார்ந்த பிறகு நன்றி சொல்லிக்கொள்ளலாம்.

திருடு போகாமல், நாமே தொலைப்பதும் இருக்கிறது. படுக்கையில் நழுவி விழுவது, கழிப்பறைத் தாங்கியில் வைத்து மறப்பது, ஆட்டோ சீட்டில் விடுவது. இப்படி ரயிலில் விட்ட பொருட்களைத் திருப்பித் தர ரயில்வே பாதுகாப்புப் படை ‘ஆபரேஷன் அமானத்’ என்ற பெயரில் ஒரு வேலை நடத்துகிறது. பர்ஸை எடுத்தவர் நல்லவராக இருந்தாலும் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும். வீட்டில் இருக்கும் ஒருவரின் போன் எண்ணை எழுதிப் பர்ஸில் வையுங்கள். உங்கள் எண் வேண்டாம், அந்தப் போனும் சேர்ந்து தொலைந்திருக்கலாம். வீட்டு முகவரியும் வேண்டாம். ஆள் ஊரில் இல்லை என்பதையும் வீடு எங்கே என்பதையும் ஒரே சீட்டில் சொன்னதாகிவிடும்.

பர்ஸ் போய்விட்டால்

முதலில் அட்டையை முடக்குங்கள். போலீஸுக்கு முன்னால், அழுகைக்கும் முன்னால். வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் எந்த இழப்பும் வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. போனும் போயிருந்தால் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாங்கிப் பேசுங்கள். அதற்கு வங்கியின் எண் மனப்பாடமாகவோ, பெட்டிக்குள் ஒரு தாளிலோ இருக்க வேண்டும். போனுக்குள் சேமித்து வைத்த எண் அந்த நேரத்துக்கு உதவாது. அடுத்து, மொபைல் நிறுவனத்திடம் சொல்லி சிம்மை முடக்க வேண்டும்.

பிறகு புகார். இதற்காக நடுவழியில் இறங்க வேண்டியதில்லை. எஃப்ஐஆர் படிவம் டிடிஇ-யிடமும் ரயிலில் காவலுக்கு வரும் போலீஸாரிடமும் இருக்கும். நிரப்பிக் கொடுத்தால் அடுத்த ரயில்வே காவல் நிலையத்தில் சேர்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசின் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழே வருவது. திருட்டு வழக்கைப் பதிந்து விசாரிப்பது மாநில அரசின் ரயில்வே போலீஸ். காக்கிச் சட்டை எல்லாம் ஒன்று என்று நினைத்துத் தவறான மேஜையில் ஒரு மணி நேரம் காத்திருப்பவர்கள் உண்டு. இது எங்கள் எல்லை இல்லை, எந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் போனதோ அங்கே போங்கள் என்று சொன்னால், எல்லை எதுவானாலும் பதிய வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு சொல்கிறது. ஓடும் ரயிலில், தூக்கத்தில் போன பொருள் எந்த ஊர் எல்லையில் போனது என்று யாரால் சொல்ல முடியும்?

புகார் எழுதும்போது ஒரு சொல்லில் கவனமாக இருங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று “பர்ஸ் தொலைந்துவிட்டது என்று எழுதுங்கள், ரசீது தந்துவிடுகிறோம்” என்று சொல்வது உண்டு. புது அட்டை வாங்க அந்த ரசீது போதும், தமிழ்நாட்டில் தொலைந்த ஆவணங்களுக்கு ஆன்லைனிலேயே அறிக்கை எடுக்கலாம் என்பதெல்லாம் சரி. ஆனால் தொலைந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் குற்றம் என்று ஒன்று நடக்கவே இல்லை, விசாரிக்கவும் ஒன்றும் இல்லை. பயணிகளை ஏற்றிச் செல்லும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 305-வது பிரிவில் ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. துணி வெட்டுப்பட்டிருந்தால் அதையும் புகாரில் எழுதி, போட்டோ எடுத்து, அந்த உடுப்பைத் தைக்காமல் வையுங்கள். எஃப்ஐஆரின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். போனும் போயிருந்தால், மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க அந்த நகலையும், போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் கேட்பார்கள். போனில் *#06# அழுத்தினால் அந்த எண் வரும்; போன் கையில் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய எண் அது.